சின்னவரின் வீடு

முயலின் மர வீட்டுக்குள் மூக்கை நுழைத்து, எதிர்வீட்டு மனிதர் மூன்று முறை முகர்ந்து பார்க்கிறார். எதுவும் நாறவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா என்ன? புழுக்கை விழும் தட்டை உருவுகிறார், புல்லை அள்ளுகிறார், கொதிநீரை ஊற்றுகிறார், பழைய பல்துலக்கியால் மரச்சட்டத்தின் இடுக்குகளைத் தேய்க்கிறார். காலை ஆறரை மணி. எதிர்வீட்டுக்காரனான நான் இன்னும் பல் விளக்கவில்லை. அவருடைய முயலின் வீட்டுக்கு விளக்கியாகிவிட்டது.

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் பளிச். மருத்துவமனையில் அறுவைக் கத்திகளையும் கத்தரிகளையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. யாராவது கைகுலுக்கிவிட்டால், அந்தக் கையை எதன்மேலும் படாமல் குழாயடி வரை தனியாகத் தூக்கிக்கொண்டு போவார். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துவார். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கோபித்துக்கொள்வதில்லை. என் வீட்டைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

முயல் அவருடையதல்ல, தங்கையுடையது. சாம்பல் நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே கிடக்கும். அண்ணனும் தங்கையுமாகப் பத்து வருடம் இந்த வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு நூலகத்தில் வேலை. அங்கே எல்லாவற்றையும் அடுக்கி அடுக்கி அலுத்துப்போனவளோ என்னவோ, வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். ஈரத் துண்டு நாற்காலியில், சீப்பு சமையலறையில். இவர் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வருவார். நாற்பத்தொரு வயதில், யாரும் எதிர்பாராத நேரத்தில், அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு முயல் ரோமம் பட்டால் தும்மல் நிற்காது. ஆகவே தங்கை போனாள், முயல் தங்கிவிட்டது. அவள் அதைத் ‘தம்பி’ என்பாள். இவர் ‘சின்னவர்’ என்பார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை வராது.

கல்யாணத்துக்கு மறுநாளே அவள் அறையைக் கூரையிலிருந்து தரை வரை கழுவி, போர்வைகளை வெந்நீரில் அலசி, ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்து வைத்துவிட்டார். அன்புதான், வேறென்ன? முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “நான் இங்க இருந்தேன்னே தெரியலையே அண்ணா” என்றாளாம். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார் மனிதர். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவள் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முயலை மடியில் வைத்து ஒரு மணிநேரம் கொஞ்சிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

“சின்னவரைப் பார்க்கத்தான் வர்றா. அவர் இருக்கிற வரைக்கும் வருவா” என்று ஒருநாள் மாடிப்படியில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் சின்னவருக்கு என்னவோ ஆனது. ஒரே மூலையை ஒழுங்காகக் கழிப்பறையாக வைத்திருந்த பிராணி, கண்ட இடத்தில் ஈரம் பண்ண ஆரம்பித்தது. இவர் காலையில் கழுவியதை மாலையிலும் கழுவினார். மருத்துவமனையிலிருந்து கிருமிநாசினி வேறு வந்தது. வீடு ஜொலித்தது, முயல் இளைத்தது. கீரையைத் தொடவில்லை. புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தங்கை தினமும் தொலைபேசியில் விசாரிப்பாள்; நன்றாக இருக்கிறார் என்று இவர் வாய் கூசாமல் சொல்லுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை என் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். முழங்கையால் அல்ல, விரலால். “தட்டுல ஒரு புழுக்கைகூட இல்லை சார்” என்றார். கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். தட்டு சுத்தமாக இருப்பதற்காக அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

டாக்ஸி பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அந்த அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மருந்து புகட்டினார். சாயங்காலத்துக்குள் புழுக்கை விழாவிட்டால் கஷ்டம் என்று சொன்னார். பிறகு முயலின் முதுகை முகர்ந்துவிட்டு, எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். பளிச் நிமிர்ந்து உட்கார்ந்து முழுப் பட்டியலையும் ஒப்பித்தார்.

“சார், முயலுக்கு மூக்குதான் எல்லாம். தூங்கி எழுந்தா தினமும் வேற யாரோ வீட்டுல இருக்கோம்னு அதுக்குத் தோணும். இது என் இடம்னு அது வாசனை வெச்சு வெச்சுச் சொல்லுது. நீங்க அழிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

தட்டைத் தினமும் மாற்றலாம், ஆனால் பழைய புல் ஒரு பிடியை அந்த மூலையிலேயே விட்டுவைக்க வேண்டும். வீட்டை வாரம் ஒருமுறை வெறும் வெந்நீரில் கழுவினால் போதும் என்றார். திரும்பும் வழியெல்லாம் இவர் சின்னவரை மடியிலிருந்து இறக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது, “அவ ரூமையும் நான்தானே...” என்று ஆரம்பித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய புல்லுக்கு எங்கே போவது? வீட்டில் ஒரு துரும்பு இல்லை. நேராகக் கட்டடத்தின் பின்புறம் போய், குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டார் பளிச். மாடியிலிருந்து பார்த்தவர்கள் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். முந்தின நாள் புல் பை அகப்பட்டது. கழுத்தை முடிச்சுப் போட்டு, மேலே தேதிகூட எழுதியிருந்தார். மனுஷன் குப்பையிலும் அப்படி.

புல்லை மூலையில் பரப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. வெயில் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து எங்கள் பாதங்கள்மேல் ஏறி, இறங்கி, சுவருக்குப் போனது. காய்ந்த புல்லின் வாசனையில் எனக்குக் கண் சொக்கியது. சின்னவர் வந்தார். முகர்ந்தார். பழைய புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. நாங்கள் மூவருமே தூங்கியிருப்போம். தட்டில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் புல் கடிபடும் ஓசை, விடாமல், மெதுவாக.

உடனே தங்கையை அழைத்து, மறைத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் ஞாயிறு வரை பொறுக்கவில்லை, மறுநாள் மதியமே வந்து நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். சின்னவருக்காகத்தான் வருகிறாள் என்று இவர் நினைத்திருந்ததைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன்னையும் பார்க்கத்தான் வந்தேன். உட்கார எனக்கு எங்க இடம் விட்டே நீ?”

அவள் முயலைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய், செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். விளக்கேற்றும் நேரம் வரை தூங்கினாள். எழுந்து, முகத்தைக்கூடக் கழுவாமல், ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பளிச் அந்த அறைக்குள் போனார். படுக்கை கசங்கிக் கிடந்தது. தலையணையில் ஒரு நீள முடி. போர்வையின் ஒரு முனை தரையில் புரண்டது. குனிந்து அதை எடுத்தார். உதறி மடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கசங்கல் கலையாமல் அதைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.