நான் கேட்டு வாங்கிய கம்பளி

கீழ்நாட்டில் வெள்ளம் வந்து பல குடும்பங்கள் வீடிழந்திருந்த மழைக்காலம் அது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். உதவி சேர்க்க, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். நாலாவது லயத்தில் காலும் ஓய்ந்தது, வாயும் ஓய்ந்தது.

அங்கே கொழுந்தெடுக்கும் செல்லம்மா அக்கா ஒரு கம்பளியை நீட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"தூக்கிப் போடுறதத்தான் தருவீங்களாக்கா?" என்று அலுப்பில் கேட்டுவிட்டேன்.

"தொவச்சுத்தான் வச்சிருக்கேன், மாஸ்டர் தம்பி" என்றார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நல்ல மழை. பெண்கள் எல்லோரும் தலையில் கம்பளி போர்த்தி நின்றார்கள். செல்லம்மா அக்கா மட்டும் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு கம்பளிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"சேத்த மூட்டை இன்னும் போகலக்கா, எடுத்தாந்து தாரேன்" என்றேன்.

"குடுத்தத வாங்கவா? அவங்களுக்கு வீடே போச்சுன்னீங்க. எனக்குக் கூரை இருக்குல்ல."

பக்கத்தில் நின்றவள், "மாஸ்டரு என்னா குடுத்தாராம்?" என்று சிரித்தாள்.

என் புதுக் கம்பளி மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதைக் கொடுக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஓடிப்போய் எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினேன்.

"அதையும் மூட்டையில போடுங்க தம்பி" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்.

போட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க அவர் சாக்கோடுதான் போனார்.

இப்போதும் உதவி கேட்டுப் படியேறுகிறேன், என் பங்கை முதலில் வைத்துவிட்டு. யாராவது பழையதை நீட்டினால் மட்டும் வாங்கக் கை தயங்குகிறது. இன்றைக்கு இவர் எதைப் போர்த்திக்கொள்வார்?