ஸ்டம்ப் இல்லாத ஆட்டம்

பெண்கள் கிரிக்கெட்டில் வேகமே இல்லை என்பது என் மருமகனின் கட்சி. பெட்டாலிங் ஜெயா வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, பந்து மெதுவாக வருகிறது, எல்லைக்கோட்டைக் கிட்டே இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று குறை சொல்வார். ஆனால் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். நான் வாதாடுவதில்லை. இந்த வயதில் வாதாடினால் மூச்சு வாங்குகிறது. இதைவிட மெதுவான பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பிரிக்பீல்ட்ஸில் பார்த்திருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

ஜப்பான்காரன் காலம் அது. நான் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ரயில்வே பட்டறையில் வேலை. வீடுகளுக்குப் பின்னால் இருந்த பாடாங் திடலில், சண்டைக்கு முன்பெல்லாம், ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வரிசை ஆண்கள் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். பெரியப்பா முதலில் இறங்குவார், அப்பா மூன்றாவது. நான் ஓரத்தில் உட்கார்ந்து சட்டமெல்லாம் படித்துவிட்டேன். யார் அவுட், எதனால் அவுட் என்பதில் எனக்கு இருந்த கண்டிப்பு அம்பயருக்குக்கூடக் கிடையாது. அவுட்டானவர் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி வருவார், தேநீர் குடிப்பார், அடுத்த ஞாயிறு மறுபடி இறங்குவார்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று எங்கள் வரிசை ஆண்களில் முக்கால்வாசிப் பேரை வண்டி ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். போகும்போது அப்பா அம்மாவிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வீட்டைப் பற்றியும் சொல்லவில்லை. பிட்ச்சைப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டாள்.

அரிசி கண்ணில் படாத காலம். ஆண்கள் போய் ஆறேழு மாதம் கழித்து, பாடாங்கைக் கொத்தி மரவள்ளி போடும்படி உத்தரவு வந்தது. பகலெல்லாம் தண்டவாள ஓரத்தில் புல் வெட்டிவிட்டு வந்த பெண்கள், சாயங்காலம் பாடாங்கையும் கொத்தினார்கள். நடுவில் பிட்ச்சை மட்டும் நீளப் பாய் விரித்தது போல விட்டுவைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஜப்பான் அதிகாரி, சும்மா கிடக்கும் இடத்தையும் கொத்தச் சொன்னான். பெரியம்மா, அது சும்மா கிடக்கவில்லை, நாங்கள் அதில் ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டாள். மொழிபெயர்த்தவரே ஒரு நிமிஷம் தயங்கினார். அதிகாரி சிரித்துவிட்டு, சரி, ஆடுங்கள், ஆடாமல் விட்டால் அன்றைக்கே கொத்திவிட வேண்டும் என்று சொல்லிப் போனான்.

இப்படித்தான் எங்கள் வரிசைப் பெண்கள் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார்கள். கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்ததால் எட்டு மணிக்கும் வெயில் மிச்சம் இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொப்புளம் வெடித்த கைகளோடு வந்து நிற்பார்கள். யார் முதலில் இறங்குவது என்ற கேள்வி வந்தபோது, அப்பாவின் கிரிக்கெட் பெட்டி மூடியில் ஒட்டியிருந்த பழைய வரிசைப் பட்டியலை நான் எடுத்து வந்தேன். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் நான்தான் படித்து, "இப்போ பெரியப்பா", "இப்போ அப்பா" என்று முறை வைத்துக் கூப்பிடுவேன். பெரியப்பா என்றால் பெரியம்மா மட்டையோடு போவாள், அப்பா என்றால் அம்மா போவாள்.

அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தைக் கையைத் தாழ்த்தி உருட்டிவிடுவார்கள். இருப்பது ஒரே பந்து என்பதால் ஓங்கி அடிக்கக் கூடாது. மரவள்ளிக்குள் போய்விட்டால் எல்லோரும் குனிந்து தேடுவார்கள், தேடுகிற சாக்கில் இரண்டு பேர் உட்கார்ந்தே விடுவார்கள். கை வலித்தால் மட்டையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஸ்டம்ப் நடாததைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டால் மறந்துவிட்டோம் என்பார்கள், பெட்டி கனக்கிறது என்பார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பெரியம்மா தினமும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள்.

"பெரியப்பா இன்னும் நிக்கிறாங்கதானே?"

ஸ்டம்ப் இல்லாமல் எப்படி அவுட் ஆவார் என்று நான் எரிந்து விழுவேன். அவள் அதற்குச் சந்தோஷப்படுவாள். ஆட்டமே தெரியாத ஜனங்கள் என்று எனக்குச் சலிப்பாக இருக்கும்.

மூன்று மாதம் என்றது ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. கடுதாசி ஒன்றும் வரவில்லை. ஒருநாள் நான் முன்னாலேயே போய், அப்பாவின் பெட்டியிலிருந்த மூன்று ஸ்டம்பையும் கல்லால் அடித்து, நேராக நட்டு வைத்தேன். வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் தூரத்தில் அந்த அதிகாரி சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு, மறுபடி நடந்துபோய் அவற்றைப் பிடுங்குகிற தெம்பு யாருக்கும் இருந்ததாகத் தோன்றவில்லை.

நான் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். பெரியம்மா போய் நின்றாள். பந்து அம்மா கையில் இருந்தது. வழக்கம்போல உருட்டிவிட்டாள். ஒரு சின்ன மண்கட்டியில் பட்டுத் திரும்பிய பந்து, மட்டைக்குக் கீழே புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. எத்தனை மாதமாகக் காத்திருந்தேனோ, விரலை உயர்த்தி, அம்பயர் குரலில் பாடாங் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"பெரியப்பா அவுட்!"

பெரியம்மா குனிந்து ஸ்டம்பை நிமிர்த்தி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, மறுபடி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு பந்து போடுமா," என்றாள் அம்மாவிடம். "அவங்க இப்படியெல்லாம் அவுட் ஆக மாட்டாங்க."

அம்மா பந்துக்காக என்னிடம் கை நீட்டினாள். பந்தைப் பொறுக்கி வைத்திருந்தது நான். கொடுக்க மாட்டேன் என்றேன். அவுட்டானால் போய்விட வேண்டும், அதுதான் சட்டம், அப்பாவே சொல்லியிருக்கிறார் என்று பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அம்மா என்னை அடித்துப் பிடுங்குவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படியே நின்றாள். பெரியம்மா மட்டையைத் தரையில் வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது, ஸ்டம்ப் இல்லாமல். பெரியம்மா மட்டும் வரவில்லை. அம்மாவும் அவளும் குழாயடியில்கூட முகம் பார்த்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, சின்னப் பிள்ளை வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டதே என்று என் காதுபடவே சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. பெரியப்பா வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு அப்பாவுக்காகக்கூட வேண்டிக்கொள்ளவில்லை.

சண்டை முடிந்து அப்பா மட்டும் வந்தார், எலும்பும் தோலுமாக. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா அழுதது இரண்டு நாள் கேட்டது. நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போன நாலாவது மாதமே, முதல் மழையிலேயே, காய்ச்சலில் அண்ணன் போய்விட்டார், தன் கையாலேயே மண் தள்ளியதாகச் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பெண்கள் மட்டையைத் தொடுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அத்தனை மாதமும் பெரியம்மா அவுட் ஆகாமல் நிறுத்தி வைத்திருந்தது இல்லாத ஆளை. என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. நல்ல சேதி சொல்லப் போகிறவளைப் போல ஓடினேன்.

பெரியம்மா அடுப்பில் மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நான் அவுட் குடுத்தது அப்புறம்தான். அதுக்கு ரொம்ப முன்னாடியே பெரியப்பா செத்துட்டாங்க. என்னால இல்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்பக் களைப்பாகத்தான் இருந்தாள்.

"அப்போ அந்த ஒரு பந்தப் போட விட்டிருக்கலாமேடி," என்றாள்.

போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் வெந்த கிழங்கில் ஒரு துண்டை ஊதி என் கையில் வைத்தாள். செத்துப்போனவருக்கு இன்னொரு பந்து எதற்கு என்று யோசித்துக்கொண்டே, வாசற்படியில் உட்கார்ந்து அதைத் தின்று முடித்தேன்.