மங்களத்தின் டம்ளர்

முத்தாபுதுப்பேட்டையில் மங்களம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடுக்காய் அக்கா என்று கேளுங்கள், டீக்கடைக்காரரே அவள் வேலை பார்க்கும் சாய ஷெட் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்.

அப்பாவின் நிலம் பிளாட்டாகிப் போனபின், சென்னை பாடியில் ஒரு பனியன் பிரிண்டிங் கம்பெனியில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டினாள். கெமிக்கல் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். சோறு பிசைந்தால் எரியும். பிரசன்னாவின் ஷெட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த கரூர்ப் பிள்ளை அவன். பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்ததும் படிகாரக் குழம்பில் அச்சைத் தொட்டுக் குத்தி, மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவிட்டால் பூ சிவப்பாக எழும்பும். கடைசியில் கிருமி அண்டாமலிருக்க வேப்பிலைச் சாற்றில் ஒரு முழுக்கு. பிறந்த குழந்தைகளைச் சுற்றுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் துணி. இங்கே வந்த ஆறு மாதத்தில் அவள் கை ஆறிவிட்டது.

ஷெட்டில் அவளுக்கென்று ஒரு அதிகாரமும் இருந்தது. லாரித் தண்ணீர் வந்ததும் ஒரு டம்ளர் பிடித்து, ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டுப் பார்ப்பாள். தண்ணீர் கறுத்தால் அதில் இரும்பு இருக்கிறது, துணிக்கு ஆகாது. அவள் தலையாட்டிய பிறகுதான் லாரிக்கார முனியன் குழாயைத் திறப்பான்.

அன்றைக்கு அந்த டம்ளரில் டீ இருந்தது. தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தவள், தினமும் வருகிற தண்ணீர்தானே என்று, ‘திற’ என்று கையைக் காட்டிவிட்டாள். முனியன் வழக்கமாகப் பிடிக்கிற கிணறு முந்தின நாள்தான் வற்றியிருந்தது. இது வேறொரு போர்வெல் தண்ணீர். மாலைக்குள் இருநூறு துணியும் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன.

“பச்சப்புள்ளைக்கு இதையா சுத்துவாங்க?” என்று பிரசன்னா தலையில் கைவைத்து உட்கார்ந்தான். முனியனைக் கூப்பிட்டனுப்பி, “நாளையிலிருந்து உங்க லாரி வேணாங்க” என்றான்.

“நல்ல தண்ணி சார். நானே குட்ச்சிப் பாத்தேன்” என்றான் முனியன். மங்களத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். மறுபடி அந்தப் பாடி கம்பெனிக்குப் போகவேண்டாம்.

“தம்பி, அவர இன்னாத்துக்கு நிறுத்தறே? டம்ளர்ல நான் டீ குட்ச்சிக்கினு இருந்தேன். தண்ணியைப் பாக்கவேயில்ல.”

பிரசன்னா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். முனியனை மட்டும், “சரி, நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவைத்தான். பிறகு அவளைப் பார்க்காமல், “இனிமே தண்ணிய நானே பாத்துக்கறேங்க்கா. நீங்க அச்சு வேலைய மட்டும் பாருங்க” என்றான்.

வேலை நிலைத்தது, மானம்தான் போயிற்று. மறுநாள் காலை அச்சு மேஜையருகே நின்றபடி, பிரசன்னா அவளுடைய டம்ளரோடு லாரியிடம் போவதைப் பார்த்தாள். கண் கரித்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிரசன்னா பொடியைப் போட்டான். கலக்கினான். வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

“ஓகேண்ணா, திறங்க.”

முனியன் குழாயில் கையை வைக்கவில்லை. டம்ளரைப் பிரசன்னாவிடமிருந்து வாங்கிக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தான்.

“நீ பாத்து சொல்லுக்கா. அப்பால தொறக்கறேன்.”

மங்களம் பிரசன்னாவைப் பார்த்தாள். அவன் லாரியை ஒட்டி ஒதுங்கி வழிவிட்டான். அவள் டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு வந்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தாள்.