என் மகளுக்கு இல்லாத குறை

படூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். "மச்சான், எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் கீறாரு. சம்பளத்துல புடிச்ச வரி மொத்தமும் திரும்ப வாங்கிக் குடுப்பாரு" என்றார் நண்பர். என் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஏஜென்ட் கேட்டதும், படிவத்தைப் பார்க்காமலே போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். பணமும் வந்தது.

சில மாதங்களில் வருமான வரி நோட்டீஸ் வந்தது. பதறித் திறந்து பார்த்தால், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கும் என் மகளைக் கடுமையான குறைபாடுள்ள மாற்றுத்திறனாளி என்று காட்டி ஏஜென்ட் வரிவிலக்கு கேட்டிருந்தார்.

"நல்லா கீற புள்ளய இன்னான்னு எழுதி வெச்சிகீற?" என்று மனைவி அழுதாள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. மதுராந்தகம் ஆடிட்டர் ஒருவர் மூலம் கணக்கைத் திருத்தி, வாங்கிய பணத்தை வட்டியோடு கட்டினேன்.

இப்போது படிவம் முழுவதையும் மனைவி வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஓடிபியைத் தொடுகிறேன்.