அத்தா சாய்த்து உதைத்த ஸ்கூட்டர்

மகள் நீட்டிய படிவத்தில் பெட்ரோல் வாடை. பயிற்சி உடுப்போடு பையில் கிடந்திருக்கிறது. விமானப் பள்ளியில் அடுத்த வாரம் முதல்முறையாகத் தனியே பறக்கப் போகிறாள். பதினெட்டு முடியாததால் என் கையெழுத்து வேண்டும்.

இதே வாடை என் அத்தாவின் உள்ளங்கையிலும் இருக்கும். தாம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே வண்டி அந்தப் பழைய ஸ்கூட்டர்தான். ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று பத்து எண்ணி, 'பிஸ்மில்லாஹ்' சொல்லித்தான் உதைப்பார். அண்ணனுக்குப் பதினாறு ஆனதும் சாவியைக் கொடுத்தார்.

"மெயின் ரோடு பக்கம் போவாத. உள்ளாலயே சுத்திட்டு வா."

சத்தம் தேயும்வரை கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஸ்கூட்டரை மட்டும் மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தார்கள். அண்ணனின் உடலை மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து.

அதன்பிறகு வெள்ளிதோறும் தொழுதுவிட்டு வந்து ஸ்கூட்டரைச் சாய்த்து உதைப்பார். என்ஜின் பிடித்ததும் அணைத்துவிடுவார். "நாந்தானே குடுத்தேன்" என்பார், யாரும் கேட்காமலே. எனக்குச் சாவியைத் தரவே இல்லை. நான் இன்றுவரை எந்த வண்டியும் ஓட்டியதில்லை.

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மகளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"தெரியும் அத்தா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு. அப்புறம் இது தேவைப்படாது."

அண்ணன் கிளம்பியபோது அத்தா கேட்டிலாவது நின்றார். இவள் பறக்கும் நாளை எனக்குச் சொல்லக்கூடப் போவதில்லை.