மூன்றாவது கேள்விக்குப் பதில்

மகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் பிராக்கெட் போட்டு, ஓரத்தில் கேள்வி எண் எழுதியிருந்தாள். முப்பது வருடத்துக்கு முன், ஓசூர் பக்கத்துக் கிராமப் பள்ளியில் நாங்கள் போட்ட அதே பிராக்கெட்.

எங்கள் ஆங்கில வாத்தியார் ஒரு பத்தியை வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்வார். பிறகு, "இங்கிருந்து இது வரைக்கும் மூணாவது கேள்விக்குப் பதில். குறிச்சிக்கோங்க" என்பார். வகுப்பு முழுக்கப் பென்சில்கள் சரசரக்கும். அவ்வளவுதான் ஆங்கிலம்.

என் பக்கத்தில் உட்காரும் முனிரத்னாவுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றும் பேசிப் பேசியே வந்தவை. ஒருநாள் அவள் எழுந்து, "சார், வயிறு வலிக்குதுன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

"அதா பரீட்சைக்கு வரப்போவுது? பாடத்துல இருக்கறதக் கேளு!" என்று கத்திய வாத்தியார், அவளை மணியடிக்கும்வரை நிற்கவைத்தார். அவளுக்கு நிஜமாகவே வயிறு வலித்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

"இந்தப் பாடத்துல என்ன நடக்குதுன்னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த சொல்லுடி."

மகள் புத்தகத்தை மறுபடி திறந்து பிராக்கெட்டுகளைப் புரட்டினாள்.

"எத்தனாவது கேள்வின்னு சொல்லும்மா. அப்பதான் எனக்குப் பதில் வரும்."