முட்டைக்கு சில்க், ரொட்டிக்கு கொட்டன்

போன சனிக்கிழமை என் கணவர் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு ஹோலில் சூட்கேஸைத் திறந்ததும் மகள் சொக்லேட்டைத் தேடினாள். அம்மா தைலப் போத்தலைத் தேடினார். நான் தேடியது... ஒரு பழைய அயன்பொக்ஸை!

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அங்கே அவர் தங்கியிருப்பது பலர் படுக்கும் ஒரு ரூமில். அடுப்பு வைக்கக் கூடாது, ஹீட்டர் கூடாது. அயன்பொக்ஸுக்கு மட்டும் தடையில்லை — சட்டை கசங்காமல் வேலைக்குப் போக வேண்டுமே! மெஸ் சாப்பாடோ வாயில் வைக்க முடியாது. மட்டக்களப்பு நாக்கு எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? மனிதர் அயனை மல்லாத்தி, கைப்பிடியை வேலைக்குப் போடும் இரண்டு சப்பாத்துகளுக்கு நடுவில் இறுக்கி, மேலே அலுமினியத் தாளை விரித்து, தேங்காய்ப்பூ ரொட்டி சுடத் தொடங்கிவிட்டார்.

வீடியோ கோலில் அயனின் சூட்டுத் திருகியைக் காட்டி எனக்கு வகுப்பும் எடுத்தார்.

"முட்டைக்கு சில்க்ல வைக்கணும் புள்ள. ரொட்டிக்கு கொட்டன்."

"கருவாட்டுக்கு?"

"ஐயோ, அத மட்டும் கேக்காத!"

ஒருநாள் கருவாடு சுட்டிருக்கிறார். அடுத்த நாள் காலையில் ரூம் கூட்டாளி அதே அயனில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மெனேஜரைப் பார்க்கப் போயிருக்கிறார். மெனேஜர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாராம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, விறகடுப்பும் இருக்கிறது. வீட்டுக்காரர் சட்டை தேய்க்கிற சாமானில் சமைக்கிறார்.

ஏன் இந்தப் பாடு? எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இவரும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு இருக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. மகளின் வீடு எங்கள் வளவிலேயே, கட்டி முடியாமல் யன்னல் மட்டத்தில் நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது — என் அயனையும் மல்லாத்தி இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்தேன். மகள் பயந்துவிட்டாள்.

"அம்மாக்கு என்ன நடந்த?"

போனில் இவரும் சத்தம் போட்டார். "ரொட்டிக்கல்லு இரிக்கிதே, அதில சுடன்!"

"நீங்க அயனில, நான் கல்லிலயா?"

அவரும் அங்கே தன் அயனில் ரொட்டியைத் தட்டிப் போட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பிப் போட்டோம். அவருடைய ரொட்டி பொன்னிறம். என்னுடையது முக்கோணக் கரி. ஆனாலும் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதுவே வழக்கமாகிவிட்டது.

எப்போது வருவீர்கள் என்று கேட்காத நாள் இல்லை. ஒருதரம் சொன்னார்: "ஒரேயடியா முடிச்சிற்று வந்தனெண்டா இந்த அயனையும் கொண்டு வருவன். லீவில வந்தா இது இஞ்சதான் கிடக்கும்."

இந்தமுறை "வாறன்" என்று மட்டும்தான் சொன்னார். லீவா, முடிவா? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

இப்போது சூட்கேஸுக்கு வருவோம். பால்மா, சென்ட், சவர்க்காரம்... எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றி, கூர் முனையும் கைப்பிடியுமாக ஒன்று கையில் பட்டது. துவாயைப் பிரித்தேன்.

பளபளவென்று... புத்தம் புதிய அயன்!

"உனக்குத்தான் புள்ள. நம்மட பழச ரொட்டி சுட்டே பழுதாக்கிப் போட்டாயே!" அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"உங்கட அயன் எங்க?"

பூரிப்பு அடங்கிவிட்டது. "அங்க ரூமில, கட்டிலுக்குக் கீழ இரிக்கி," என்றார். வாசலுக்கு வெளியே மகளின் அரைச் சுவரைப் பார்த்தார். "கூரையப் போட்டிருவம் புள்ள. அதுக்குப் பிறகு போக மாட்டன்."

நான் குசினிக்குப் போய் வெங்காயம் வெட்டினேன். அவருக்குப் பிடித்த வாவி இறால் கறிக்கு. கண் கலங்கியது வெங்காயத்தால் என்று எழுதினால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். எனக்கு அவர் இங்கேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

புது அயனின் அடியெல்லாம் ஓட்டை. நீராவி வருமாம். ரொட்டிக்கு உதவாது! அதனால் அது அலுமாரிக்குள் போய்விட்டது. லீவு முடிந்து போகும் அன்றைக்கு அவர் போடும் சட்டையை என் பழைய அயனில்தான் தேய்த்துக் கொடுக்கப் போகிறேன்.

பிளேனில் பக்கத்து சீட்காரருக்குப் பசி எடுத்தால் நான் பொறுப்பில்லை.